ஈசானிய மூலையில் குப்பைத் தொட்டி

மாமாவுக்கு எதையும் இருந்த இடத்தில் விட்டுவைக்கத் தெரியாது. கணபதிப் பகுதியில் தன் லேத் பட்டறையை ஒட்டியிருந்த வீட்டில் வாசற்கதவை மாற்றினார், கிணற்று மோட்டாரை இடம் மாற்றினார். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிவந்து, பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸ் ஏற்றினார். "இதுல வைரஸே வராதுங்க" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். வைரஸ் வரவில்லை. மாமாதான் வந்தார்.

வேலை பார்த்த மில் மூடியதும் அப்பா வேறு வேலை தேடிப் பம்பாய்ப் பக்கம் போய்விட்டார். நானும் அம்மாவும் மாமாவின் அந்த வீட்டுப் பின்னறையில் இருந்தோம். பல்லடத்தில் ஒரு கோழித்தீவன ஆபீசில் டைப் அடிக்க ஆள் கேட்டிருந்தார்கள். சமையல் முடிந்ததும் அம்மா அந்தக் கம்ப்யூட்டரில் பழகுவாள். திங்கட்கிழமை நேரில் போய் அடித்துக் காட்ட வேண்டும்.

சனிக்கிழமை பட்டறைக்கு வாஸ்துக்காரர் வந்துபோனார். அவர் போனதும் மாமாவின் கண் கம்ப்யூட்டர் மேல் விழுந்தது. அது கிழக்குச் சுவரோரம் இருந்தது; எதிரே உட்கார்ந்தால் இடது கை வடக்கு, வலது கை தெற்கு. திரையின் இடது மேல் மூலையில், அதாவது வடகிழக்கில், குப்பைத் தொட்டிப் படம்.

"ஏனுங்க்கா, ஈசானி மூலைல குப்பைய வெச்சா எப்படிங்க வெளங்கும்?"

அதை இழுத்து வேறு மூலையில் போட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கனமானதெல்லாம் தெற்கே இருக்கோணும் என்று, திரையின் அடியில் இருந்த பட்டன் பட்டையையும் வலப்பக்கம் தள்ளினார். அது ஓரத்தில் ஒதுங்கி, மறைந்தே போனது. எழுதும் புரோகிராமைத் திறக்கும் பட்டன் அதில்தான் இருந்தது.

"கொஞ்சம் வெளிய வாங்க சாமி" என்று திரையைத் தட்டினார். கம்ப்யூட்டரிடமும் மரியாதை குறையாமல்தான் பேசுவார். அணைத்துப் போட்டுப் பார்த்தார். பட்டை வரவில்லை. அவர் செய்த கோளாறைக் கம்ப்யூட்டர் அவ்வளவு பத்திரமாக நினைவில் வைத்திருந்தது.

"சிடியப் போட்டு மொதல்லருந்து ஏத்திப்போடறனுங்க்கா."

"அப்ப நான் அடிச்சு வெச்சதெல்லாம்?"

"போயிரும். போனவாட்டியும் போச்சுல்லங்க."

அம்மா சிடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அழிக்கற சோலியே வேண்டாம் கண்ணு. வேற வழியப் பாரு."

ஞாயிறு மத்தியானம் வரை மாமா எதையெதையோ அடித்துப் பார்த்து, வேர்த்து வழிந்து, கடைசியில் அம்மா பேரில் கம்ப்யூட்டருக்குள் நுழையப் புதிதாக ஒரு கணக்கு உண்டாக்கினார். அதில் நுழைந்தால் எல்லாம் முதல் நாள் இருந்தபடி இருந்தது. பட்டை கீழே, குப்பைத் தொட்டி ஈசானியத்தில். மாமா பேரில் நடந்த கூத்து மாமா பேரோடு நின்றுவிட்டதாம். அம்மாவின் பழைய பக்கங்களையும் அதில் கொண்டுவந்து சேர்த்தார். சேர்த்த கையோடு குப்பைத் தொட்டியைப் பிடிக்கப் போனார்.

"கைய எடு கண்ணு. இது என்ற பேருல இருக்குது."

பாஸ்வேர்டு போடும்போது எங்கள் இருவரையும் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னாள். என்னிடமும் அதைச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் என்னை விளையாட விடாமல் பூட்டிவிட்டாள் என்று நான் சாப்பிடாமல் படுத்தேன்.

திங்கட்கிழமை அம்மாவுக்கு வேலை கிடைத்தது. அப்படியும் பின்னால் எட்டாவதோடு என் படிப்பு நின்றது. பிறகு வேலை தேடிப் போன எத்தனையோ ஊர்களில் அடுத்தவர் அறைகளில் ஒதுங்கிப் படுத்திருக்கிறேன். அன்று கோபித்து முறுக்கிக்கொண்டு படுத்த பாய்கூட மாமா வீட்டுப் பாய்தான், அந்த வீட்டில் அம்மா பேரில் இருந்தது அந்தக் கணக்கு ஒன்றுதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.