தொண்டையைப் பார்த்து ஆடியவர்

எழுபதுகளின் கடைசியில், போடியில் நடந்த கபடிப் போட்டியில் அவரைப் பார்த்தேன். காது கேளாத ஏலத்தோட்டத் தொழிலாளி. மூக்கு உடைந்து கோணியிருந்தது. பாடி வருபவனின் மூச்சு நிற்பதைத் தொண்டையைப் பார்த்தே அறிவார். அன்று பிடிபட்டவனின் முகம் மண்ணில் புதைந்து தொண்டை தெரியாததால், விசில் ஊதியும் அவர் விடவில்லை. எதிரணியினர் ஐந்து பேர் சேர்ந்து அவரை மிதித்தார்கள்.

“செவிட்டுப்பயலே, விசிலு கேக்கலையாடா?”

ரத்தத்தைத் துப்பி எழுந்தவர், நடுவரின் தோளிலிருந்த சிவப்புத் துண்டை உருவி, வீசிக் காட்டி, அவர் கையிலேயே திணித்தார்.

“சரி அப்பு, இனி விசிலோட இதையும் வீசுறேன்” என்றார் நடுவர். அதன்பின், கூட்டத்தின் கூச்சலில், எல்லா ஆட்டக்காரர்களும் துண்டைப் பார்த்தே ஆட்டத்தை நிறுத்தினார்கள்.

என் இடுப்பிலிருந்த, கூப்பிட்டால் திரும்பாத இரண்டு வயது மகளும் அந்தத் துண்டைப் பார்த்துச் சிரித்தாள். விளையாட்டுப் புத்தி என்று வீட்டில் மழுப்பி வந்தேன். இவளும் மிதிபட்ட பிறகுதான் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்க வேண்டுமா? அன்றே கணவரிடம் சொன்னேன்: “பாப்பாவுக்குக் காது கேக்கலைங்க.”