ஒரே கிணறு, இரண்டு விதப் பல்

என் பல் பழுப்பு. வெற்றிலைக் கறை இல்லை, பீடிக் கறை இல்லை, தேய்க்காத அழுக்கும் இல்லை. முளைக்கும்போதே அப்படித்தான் முளைத்தது. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. நம்பியவர்கள் குறைவு.

எழுபதுகளின் தொடக்கத்தில் தருமபுரிப் பக்கமிருந்து சிங்கப்பூருக்கு, அப்பாவிடம் வந்தோம். எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு எட்டு. இங்கே தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளை வடிகால் ஓரமாக வரிசையாகக் குந்த வைத்து, குவளையும் பிரஷ்ஷுமாகப் பல் தேய்க்க வைப்பார்கள். மற்றவர்கள் கொப்பளித்துவிட்டுப் போய்விடுவார்கள். என்னை மட்டும் ஆசிரியை, “இன்னொரு தடவை” என்பார். ஈறில் ரத்தம் வரும். பழுப்பு போகாது. பக்கத்தில் தங்கை பிரஷ்ஷைச் சும்மா வாயில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள். அவள் பல் வடித்த சோறு மாதிரி வெள்ளை.

ஊரில் குடித்தது ஒரே கிணறு, ஒரே குடம். எனக்கு மட்டும் ஏன் என்று அம்மாவிடம் கேட்டால், “நீ நெறைய குடிச்ச” என்பார். கிணற்றையே நான்தான் குடித்துத் தீர்த்த மாதிரி.

எனக்குப் பதினெட்டு ஆனதும் பெண் பார்க்க வந்தார்கள். மூன்று குடும்பம் என் வாயைப் பார்த்துவிட்டு எழுந்து போனது. போகட்டும் என்று விட்டேன். நான்காவதாக எங்கள் கிளமெண்டி வீட்டுக்கு வந்தவரை எனக்குப் பிடித்துவிட்டது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கேசரித் தட்டை வாங்கியவர், அம்மாவிடம் “நீங்களும் உக்காந்து சாப்பிடுங்க” என்றார். எங்கள் வீட்டில் அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அம்மா இரண்டு ஏற்பாடு செய்திருந்தார். ஒன்று, நான் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு, தங்கை படுக்கையறையை விட்டு வரக் கூடாது. அக்காவைப் பார்க்க வரும்போது தங்கையை ஒளித்துவைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். இல்லையென்றால் சின்னவளைக் கேட்டுவிடுவார்களாம்.

மாப்பிள்ளையின் அம்மா என் பேரைக் கேட்டார். அம்மா சொன்னார். என்ன படிச்சிருக்கே என்றார். அதற்கும் அம்மா.

“பொண்ணு பேசுமா, இல்ல கடைசி வரைக்கும் நீங்கதான் பேசுவீங்களா?”

எனக்குப் பொறுக்கவில்லை. “பேசுவேன்” என்றேன், வாய் நிறைய.

அந்த அம்மா கேசரியைக் கீழே வைத்தார். “பாக்கு போடுவியா?”

“போடமாட்டேன்.”

அம்மா குறுக்கே பாய்ந்தார். “ஊர்த் தண்ணிங்க. குடிச்ச எல்லாருக்கும் இப்படித்தான். சின்னவளுக்கு இதைவிட மோசம். பாவம், வெட்கப்பட்டு வெளியவே வரமாட்டா.”

பொய்க்கும் ஓர் அளவு வேண்டும். படுக்கையறைக் கதவு படாரென்று திறந்தது. “யாருக்கும்மா மோசம்?” என்று தங்கை அத்தனை பல்லும் தெரியக் கத்திக்கொண்டு வந்து நின்றாள்.

அந்த அம்மா அவள் வாயைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். “ஒரே தண்ணி. ஒருத்திக்கு இருக்கு, ஒருத்திக்கு இல்ல. அப்போ இது தண்ணி இல்ல, ரத்தம். நாளைக்கு என் பேரப்பிள்ளைக்கும் வரும்.”

ஒன்பது வருஷமாக நானும் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளைதான் வாயைத் திறந்தார். “டாக்டர்கிட்ட கேட்டா தெரிஞ்சிடும் லா.”

சனிக்கிழமை சிராங்கூன் சாலையில் ஒரு மாடிக் கிளினிக்குக்குப் போனோம். நான், அம்மா, அவர், அவர் அம்மா. சாட்சிக்குத் தங்கை. மாட்டுச் சந்தையில்கூட வாங்குகிறவன்தான் பல் பார்ப்பான். இங்கே டாக்டரை வைத்துப் பார்த்தார்கள்.

டாக்டர் மலையாளி, நன்றாகத் தமிழ் பேசினார். எங்கள் இருவர் வாயையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உங்க ஊர்த் தண்ணியில ஃபுளோரைடு ஜாஸ்தி. சின்ன வயசுல, பல்லு உள்ளே வளரும்போதே கெடுத்துடும். ஆனா எல்லா உடம்பும் அதை ஒரே மாதிரி வாங்காது. பிறவியிலேயே சில உடம்பு இடம் கொடுக்கும், சிலது கொடுக்காதுன்னு நெனைக்கிறோம். முழுசா இன்னும் தெரியல.”

“ரத்தம்னு நான் சொன்னேன்ல!” என்றார் அந்த அம்மா.

“ரத்தம் மட்டும் போதாதும்மா. அந்தத் தண்ணியும் வேணும். இங்க குழாய்த் தண்ணியில ஃபுளோரைடு கலக்குறாங்க, ஆனா அளவாத்தான்.”

“கலக்குறாங்களா!” அதுவரை முகம் திருப்பிக்கொண்டிருந்த இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சொத்தை வராம இருக்கத்தான். பாருங்க, பெரியவளுக்கு ஒரு சொத்தைகூட இல்ல. சின்னவளுக்கு நாலு. ஒண்ணை இன்னிக்கே பிடுங்கணும்.”

தங்கை அழ ஆரம்பித்தாள். அந்த அம்மா தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். “எங்க வீட்ல எல்லாருக்கும் பல்லு வலி. நானே எட்டு பிடுங்கியாச்சு.” கொஞ்சம் யோசித்தார். “காவியோ கறுப்போ, வலிக்காத பல்லு. பெரியவளே போதும்.”

“போதும்னா என்ன அர்த்தம்?” என்றேன். “என்னை யாராவது கேட்டீங்களா?”

“சரி, நான் கேக்கிறேன்” என்றார் அவர். “சம்மதமா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல் தெரியத்தான் சிரித்தேன். சம்மதம் என்று சொன்னது, உள்ளே பல் பிடுங்கும்போது தங்கை போட்ட கூச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மகன் பிறந்தான். பால்பல் வெள்ளையாக வந்தது. மாமியார் அதை நம்பவில்லை. குழாய்த் தண்ணீரைத் தினமும் இரண்டு தடவை கொதிக்கவைத்தார். “கொதிக்க வச்சா ஃபுளோரைடு போகாது அத்தை, தண்ணிதான் வத்தும்” என்றால் கேட்கமாட்டார். அவனுக்கு ஏழு வயதில் நிலைத்த பல் முளைத்ததும் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை.

“பாத்தியா, எங்க ரத்தம்” என்றார்.

அடுத்த மாதம் கடைவாய்ப் பல் வலி என்று அவன் வீட்டை இரண்டாக்கினான். அதுவும் உங்கள் ரத்தம்தான் என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன், கிளினிக்குக்குக் கூட்டிப்போக.