தங்கச்சி கல்யாணத்துக்கு நான்தான் சாட்சி

என் தங்கச்சிக்கு அமெரிக்க மாப்பிள்ளை வாய்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்? எனக்குப் பார்த்தது சிவகாசி அச்சாபீசில் பட்டாசு லேபிள் அடிக்கிறவரை. அவளுக்கு மட்டும் வந்தானே ஒருத்தன், படித்தவன், சிரித்த முகமாக!

அந்தக் கல்யாணம் இரண்டு வருஷம்கூட நிலைக்கவில்லை. ஒத்துப்போகாமல், அங்கேயே விவாகரத்தும் ஆகிவிட்டது. போனில் அழுதாள்.

"யக்கா, கல்யாணத்த வச்சுக் குடுத்த கிரீன் கார்டு ரெண்டு வருசத்துக்குத்தான். நிரந்தரமாக்கணும்னா அவுகளும் சேந்து கையெழுத்துப் போடணும். இப்ப நான் ஒத்தையா கேக்கணும். கார்டுக்காகக் கட்டல, நெசமாத்தான் வாழ்ந்தோம்னு காட்டலேன்னா வேலையும் போயிரும், மூட்டையக் கட்ட வேண்டியதுதான். கூட இருந்து பாத்தவுக யாராச்சும் எழுதித் தாங்க."

அம்மாவைக் கேட்டால், போட்ட நகை மட்டும்தான் ஞாபகம். அப்பாவுக்குப் பந்தியில் ரசம் பத்தாமல் போனது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் யார் கவனித்தார்கள்? நான்தான். வயிற்றெரிச்சல்காரிக்குக் கண் வேறெங்கே போகும்?

உட்கார்ந்து எழுதினேன். கல்யாண ஊர்வலத்தில் சரவெடி கொளுத்தியபோது அவன் தன் காதைப் பொத்தவில்லை, அவள் காதைப் பொத்தினான். சிவகாசியில் பிறந்தவளுக்கு வேட்டுச் சத்தம் பயமாம்! அவளும் கூச்சமில்லாமல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். என்ன நடிப்பு என்று அன்றைக்குப் பல்லைக் கடித்தேன். நடிப்பு என்பதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதினேன்.

மறுவாரம் எல்லோரும் இருக்கன்குடி கோயிலுக்குப் போனோம். திரும்பும்போது அவள் செருப்பு அறுந்துவிட்டது. உச்சி வெயிலில் ஆற்று மணல் கொதித்தது. அவன் தன் செருப்பைக் கழற்றி அவளுக்குக் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு துள்ளித் துள்ளி வந்தான். என் வீட்டுக்காரர் எப்போதோ போய் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துவிட்டிருந்தார். அதையும் எழுதவில்லை.

நோட்டரி வக்கீலிடம் முத்திரை வாங்கி அனுப்பினேன். பல மாதம் இழுத்தடித்து, கடைசியில் போன் வந்தது.

"கார்டு வந்துருச்சுக்கா! நீ எழுதுனதுதான் ரொம்ப உதவுச்சுன்னு இங்க என் வக்கீலம்மா சொன்னாக. அம்புட்டையும் பாத்துக்கிட்டா இருந்தே? அந்தச் செருப்பு விசயம் எனக்கே மறந்துபோச்சே!"

மறந்துபோச்சாம்! மறக்கிற அளவுக்கு அவளுக்குக் கிடைத்திருக்கிறது. முறிந்த கல்யாணத்தைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்த என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நம்ம கல்யாணம் நெசந்தான்னு காட்டச் சொன்னா என்னத்தக் காட்டுவீக?"

அவர் இலையிலிருந்து நிமிரவில்லை.

"அதான் ரேசன் கார்டுல பேரு இருக்குல்ல. கொழம்ப ஊத்து."

ஊற்றினேன்.