காதர் பாயின் மூன்று விரல்கள்

ஆறு வருடம் கப்பலில் எஞ்சின் பராமரிப்பு பார்த்துவிட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் தாம்பரம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியராகச் சேர்ந்தேன்.

ஒருநாள் காற்று ஊதும் பெரிய ப்ளோயர் நின்றுவிட்டது. ஃபிட்டர் காதர் பாய் அதன் பெல்ட்டை மாற்றிக்கொண்டிருந்தார். உற்பத்தி முடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வேலை முடிந்திருக்கும் என்று நினைத்து, குரல்கூடக் கொடுக்காமல் சுவிட்சைப் போட்டேன். அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் போயின.

விசாரணையில், "நான்தான் சார் சொல்லாம கைய வுட்டுட்டேன்" என்றார் அவர். நான் வாயே திறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, மன்னிப்புக் கேட்க அனகாபுத்தூரில் அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?"

"நெசத்தச் சொன்னா வெரலு வந்துடுமா சார்? உங்க வேலதான் பூடும்" என்றார் மெதுவாக.

அதற்குள் அவர் மனைவி டீ கொண்டுவந்தார்.

"இவரு எப்பவுமே அவசரம்தான், அண்ணா. நீங்களாச்சும் சொல்லக்கூடாதா?"

மனைவியிடம்கூட அவர் உண்மையைச் சொல்லவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"சொல்லியிருக்கணும்மா" என்றேன்.

டீயைக் குடித்தேன். சூடு தெரியவில்லை. அழுகையும் வரவில்லை.

மறுநாள் மேனேஜர் அறை வாசல்வரை போனேன். கதவைத் தட்டாமல் திரும்பி ஷிப்டுக்குப் போய்விட்டேன். நான் நல்லவன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றோடு அது முடிந்தது.