பத்து சதவீதம் தண்ணீர்

எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், சுமலதாவைப் பற்றிக் கேட்டால், “கென்யாக்காரனெல்லாம் நம்ம புள்ள கணக்கத்தான் வச்சிருக்கான்” என்பார்கள். கென்யா எங்கே இருக்கிறது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அந்தக் கணக்கின் பெயர் ‘கொழுந்து’. புள்ளிவிவரங்களை அலசுவதற்கென்றே ‘ஆர்’ என்றொரு கணினி மொழி இருக்கிறது. அதில் ஒருவர் எழுதிய நிரலைப் பேக்கேஜாகக் கட்டி ஓர் இணையக் கிடங்குக்கு அனுப்பினால், சோதித்துப் பார்த்து ஏற்றிக்கொள்வார்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். எழுதியவர்தான் அதைப் பராமரிக்க வேண்டும். பிழை என்று எவராவது எழுதினால் பதில் சொல்ல வேண்டும், கிடங்கின் விதிகள் மாறும்போது நிரலையும் மாற்ற வேண்டும். சம்பளம் கிடையாது. சுமலதா கோயம்புத்தூரில் எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்தபோது தன் புராஜெக்டை இப்படிப் பேக்கேஜாக்கினாள். பறித்த கொழுந்தை நிறுத்த எடையிலிருந்து, ஃபேக்டரிக்கு எவ்வளவு இலை தேறும், ஒவ்வொருவர் பங்கு எவ்வளவு என்று அது சொல்லும்.

படிப்பு முடிந்து அவள் ஊர் திரும்பிய சமயம் தேயிலை விலை அடியோடு விழுந்திருந்தது. பாதி லயம் திருப்பூருக்குப் போய்விட்டது. எங்கள் எஸ்டேட் முதலாளி கூலி கொடுக்க வழியில்லை என்று சொல்லி, மலைகளைக் குழுக்களுக்குப் பிரித்துவிட்டார். நீங்களே பறியுங்கள், என் ஃபேக்டரியில் போடுங்கள், எடைப்படி பங்கு. அந்தப் பங்கைப் பிரிக்க ஃபேக்டரி ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் மனோகரன் அண்ணன் சுமலதாவின் பேக்கேஜைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். அன்று அவள் அம்மா சின்னம்மை லயம் முழுக்கக் கல்கண்டு கொடுத்தார்.

நான் ஜெஸிந்தா, அவளோடு படித்தவள். பந்தலூர் பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை செய்கிறேன். லயத்தில் சிக்னல் கிடைக்காததால் அவள் தன் பேக்கேஜ் வேலைக்கு எங்கள் கடைக்குத்தான் வருவாள். வேலைக்கு விண்ணப்பம் போட வருகிறேன் என்று வீட்டில் சொல்வாள். விண்ணப்பமும் போடுவாள்தான். ஆனால் முதலில் திறப்பது பேக்கேஜுக்கு வந்த மடல்களை.

ஒரு மே மாதம் அப்படி ஒரு மடல் வந்தது. கென்யாவில் தேயிலை ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் எழுதியிருந்தாள். சுருக்கமான மடல். ‘ஜூன், ஜூலை, ஆகஸ்டில் மட்டும் உங்கள் நிரல் எங்கள் எடையில் பத்து சதவீதத்தைக் கழித்துவிடுகிறது. ஏன்? எங்களுக்குப் பெருமழை ஏப்ரலில்.’

சுமலதா முதலில் சிரித்தாள். “பாருடி, உலகம் பூரா ஜூன்லதான் மழை பெய்யும்னு எழுதி வச்சிருக்கேன்.”

பிறகு சிரிப்பு நின்றது. எழுந்து வாசலுக்குப் போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள்.

“என்னடி, பூரான் கடிச்ச மாதிரி நடக்குற?”

“ஜெஸி, நம்ம ஊர்ல மட்டும் ஜூன் மாசம் பூரா மழை பெய்யுதா?”

கேள்வி எனக்கு உடனே புரியவில்லை. எங்கள் ஊரில் ஜூன் பிறந்தால் தண்ணிக் கழிவு பிடிப்பார்கள். இலை நனைந்திருக்கும், தண்ணீரின் எடையும் தராசில் ஏறும், ஆகவே நூறு கிலோவுக்குப் பத்து கிலோ கழிப்பார்கள். ஆகஸ்ட் கடைசிவரை இப்படித்தான். நடுவில் நாலு நாள் வெயில் காய்ந்தாலும், இலை மொறுமொறுவென்று இருந்தாலும் கழிவு கழிவுதான். நாங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே உள்ள வழக்கம். சுமலதா படிக்கும்போது எஸ்டேட்டின் பழைய எடைப் பதிவுகளை வாங்கிப் பார்த்திருக்கிறாள். எல்லா வருடமும் அந்த மூன்று மாதத்தில் பத்து சதவீதம் குறைந்திருந்தது. மழையின் விளைவு என்று எடுத்துக்கொண்டு நிரலில் வைத்துவிட்டாள். பயன்படுத்துகிறவர் ஒன்றும் சொல்லாவிட்டால் நிரல் தானாகவே கழித்துக்கொள்ளும்.

“அது மழையோட பதிவு இல்லடி. கழிச்சவங்களோட பதிவு” என்றாள்.

என்னையும் அது விடவில்லை. நானும் பி.காம். முடித்தவள்தான். என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். படித்ததெல்லாம் எதற்கு, கண்ணெதிரே நடந்ததை அப்படியே நகல் எடுக்கவா? அந்த வாரம் முழுக்கக் கடையில் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுமலதா நிரலை மாற்றினாள். எண்ணை மாற்றவில்லை, எண்ணையே எடுத்துவிட்டாள். புதிய பதிப்பில் தண்ணிக் கழிவு எத்தனை சதவீதம் என்று ஒருவர் தன் கையால் அடிக்காவிட்டால் அது நகராது. அந்தக் கென்யாப் பெண்ணின் நிரல் இதை நம்பி ஓடுவதால் அவளுக்கு முன்கூட்டியே எழுதினாள், அவள் சரி என்ற பிறகு கிடங்குக்கு அனுப்பினாள். ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஏற்கனவே இறக்கிக்கொண்டவர்களிடம் இருக்கும் பழையதைத் திரும்பப் பெற முடியாது. கிடங்கிலும் பழைய பதிப்பு ஓர் ஓரமாக இருந்துகொண்டேயிருக்கும். அது அங்கே விதி.

மனோகரன் அண்ணனிடம் போய்ச் சொன்னாள். நானும் கூடப் போனேன்.

“ஓடுற வண்டிய எதுக்குத் தங்கச்சி நோண்டணும்?” என்றார் அவர். “முதலாளி சொல்லட்டும், மாத்திக்கலாம்.”

“முதலாளி எப்படிண்ணே சொல்லுவாரு?”

“அதான் நானும் சொல்றேன்.”

திரும்பி வரும் வழியில் அவள் சொன்னதுதான் என்னைக் கலக்கியது. முன்பெல்லாம் வெயில் நாளில் கழிவு பிடித்தால் சின்னம்மை தராசடியில் நின்று சண்டை போடுவார். “எங்கய்யா தண்ணி? பிழிஞ்சு காட்டு!” என்று ஒரு பிடி கொழுந்தை நிறுப்பவர் மூக்குக்கு நேரே நீட்டுவார். சில நாள் பாதிக் கழிவையாவது விட்டுக்கொடுப்பார்கள். மகளின் கணக்கு வந்த பிறகு அவர் சண்டையை நிறுத்திவிட்டார். எம் மக எழுதுனது, அதுல தப்பு வராது என்று மற்றவர்களையும் அடக்குவார்.

“அம்மாகிட்ட சொல்லணும்” என்றாள் சுமலதா. ஜூன் போனது. சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் ஃபேக்டரியில் பத்து பத்தாகக் கழிந்துகொண்டிருந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சென்னையிலிருந்து ஒரு நேர்காணலுக்கு அழைப்பு வந்தது, அதற்கும் போகவில்லை.

ஜூலையில் மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலை, சின்னம்மை மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் அங்கே இருந்தேன்.

“அம்மா, இன்னிக்கும் கழிப்பாங்க. கழிக்கச் சொல்லி எழுதுனது நாந்தான்.”

சின்னம்மை சேலை நனையாமலிருக்க இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டே, “தெரியுமே, ஜூலைதானே” என்றார்.

“மழை இல்லாத நாளுக்கும்மா. பாக்காம எழுதிட்டேன். இப்ப மாத்தியாச்சு. மனோ அண்ணன் பழசையே வச்சிருக்காரு.”

சின்னம்மை மகளை ஏற இறங்கப் பார்த்தார். “இத்தன நாளா நான் வாய மூடிக்கிட்டு நின்னனே, அது உன்னாலயா?”

பதிலுக்கு நிற்காமல் கூடையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று இறங்கிப் போனார்.

அன்று பிற்பகல் கடையில் சுமலதாவின் போன் அடித்தது. மனோகரன் அண்ணன். பின்னால் ஒரே கூச்சல்.

“தங்கச்சி, உங்கம்மா தராசுல கொழுந்த ஏத்த மாட்டேங்குறாங்க. யாரையும் ஏத்த விடவும் மாட்டேங்குறாங்க. சாக்குல இலை சூடேறுது. சிவந்துபோனா இன்னிக்கு மெஷின் ஓட்டத்துக்கு ஆகாது.”

“எம் மக புதுசு போட்டிருக்கா, அதப் போடுய்யா!” என்று சின்னம்மையின் குரல் கேட்டது.

“அத இறக்கிட்டேங்க அக்கா, கொஞ்சம் பொறுங்க! தங்கச்சி, எத்தன சதவீதம்னு கேட்டுக்கிட்டு நிக்குது. என்ன அடிக்கட்டும்?”

சுமலதா எழுந்து நின்றாள். “அங்க மழை பெய்யுதாண்ணே?”

“இல்ல.”

“இலை நனைஞ்சிருக்கா?”

“இல்லம்மா. ஆனா நானா பூஜ்யம் போட்டா நாளைக்கு முதலாளி யாரு போட்டதுன்னு கேப்பாரு.”

“பத்து போட்டா நாங்க கேப்போம்!” என்று யாரோ ஒரு பெண் கத்தினாள். பெரிய சிரிப்பு. “முதலாளியையே வந்து நம்பர அடிக்கச் சொல்லு! சாக்குக்குள்ள கைய விட்டுப் பாத்துட்டு அடிக்கட்டும்!”

கொஞ்ச நேரம் சத்தம் மட்டும் வந்தது. பிறகு விசையை அழுத்தும் ஒலி. “பூஜ்யம்” என்றார் மனோகரன் அண்ணன், யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல. போன் துண்டிக்கப்பட்டது.

சுமலதா மகிழ்வாள் என்று நினைத்தேன். அவள் மறுபடி வாசலுக்கும் மேசைக்குமாக நடக்கத் தொடங்கினாள்.

மறுநாள் அடைமழை. சொன்னாற்போல அதே நேரத்துக்குப் போன் வந்தது.

“தங்கச்சி, இன்னிக்கு நல்ல நனைஞ்ச இலை. நான் பதினஞ்சுங்கிறேன், உங்கம்மா அஞ்சுங்கிறாங்க. நீயே ஒண்ணு சொல்லிரு, ரெண்டு பக்கமும் கேட்டுக்கிறோம்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஓர் எண் சொன்னால் போதும், எல்லாரும் ஏற்றுக்கொள்வார்கள்.

“அத மட்டும் எங்கிட்ட கேக்காதீங்கண்ணே. அங்கயே பாத்துப் பேசிக்கோங்க.”

போனை வைத்துவிட்டு, பேக்கேஜுக்கு வந்த மடல்களைத் திறந்தாள். புதிதாக ஒன்றும் இல்லை. எந்த நாட்டிலோ, எந்தத் தராசடியிலோ பழைய பதிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். அங்கிருந்து யாராவது எழுதுவார்களா என்று அவள் தினமும் பார்க்கிறாள். எழுதாதவர்களை நினைத்துத்தான் உட்கார முடியவில்லை என்கிறாள்.