மடியில் ஏந்திய அரிசி

அத்தானின் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன என்று டாக்டர் சொன்ன அன்று அக்கா அழவில்லை. பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு நேராக எங்களூர்க் கண்ணகை அம்மன் கோயிலுக்குப் போய், வைகாசிச் சடங்குக்கு மடிப்பிச்சை எடுப்பதாக நேர்ந்துகொண்டு வந்தாள். ஒரு தேங்காய்கூட அயலில் கேட்டு வாங்காதவள் அவள். வீடு வீடாகப் போய்ச் சேலைத் தலைப்பை ஏந்தப்போகிறாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

சடங்கு நெருங்கியதும் நானும் கூடப் போனேன். வெயிலில், வெறுங்காலுடன். ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் பெண்கள் அரிசி கொண்டுவந்து அவள் மடியில் போட்டார்கள்.

"அம்மாள் கண் திறப்பா. யோசியாத புள்ள."

சாய்ந்தமருது எல்லையில், அத்தானோடு சேர்ந்து வயல் செய்பவரின் வீடு இருந்தது. முஸ்லிம் வீடு என்பதால் அக்கா தாண்டிப் போகப் பார்த்தாள். அவர் மனைவி ஓடிவந்து மறித்தாள்.

"எங்கட ஊட்ட மட்டும் உட்டுட்டுப் போறியா? புடி. அல்லாஹ் அவருக்குச் சுகத்தக் குடுப்பான்."

அங்கேதான் அக்கா உடைந்து அழுதாள்.

சடங்குக்காகக் கோயில் கதவு திறப்பதற்கு முதல் நாள் காலை, ஆஸ்பத்திரியில் அத்தான் போய்விட்டார். அரிசி சாக்கில் கட்டியபடி குசினி மூலையில் இருந்தது. செத்த வீட்டுக்கு வந்த, கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் அதைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சாவுத் துடக்கு வீட்டு அரிசி கோயிலுக்கு வரப்படாது மகள். அடுத்த வருசம் எடுத்துக் குடுங்க."

"அடுத்த வருசம் ஆருக்காக எடுக்கிற?" என்றாள் அக்கா.

அவர் படலையை நோக்கி நடந்தார்.

சடங்கின் கடைசி நாளான குளிர்த்தி அன்று ஊரே கோயிலில் இருந்தது. தெருவெங்கும் நிறைகுடம் வைத்திருந்தார்கள். எங்கள் படலை மட்டும் மூடிக்கிடந்தது. ஒலிபெருக்கியில் குளிர்த்திப் பாட்டு வந்தது.

"யன்னலச் சாத்தவா அக்கா?"

"வேணாம். கேக்கட்டும்."

அத்தானின் முப்பத்தோராம் நாள் அமுதுச் சாப்பாட்டுக்கு அந்த அரிசியையே உலையில் போடச் சொன்னாள்.

"அக்கா, அம்மாளுக்கெண்டு ஏந்தினது."

"அவருக்கெண்டும்தானே ஏந்தின."

அவர் பிழைக்க வேண்டுமென்று அள்ளிப் போட்ட பெண்கள் பந்தியில் இருந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டார்கள். அவர்களுக்குத் தெரியாது. நான்தான் பரிமாறினேன்.

இந்த வருடக் குளிர்த்திக்கு அக்கா தானாகவே புறப்பட்டு வந்தாள். பூசாரி வேப்பிலையால் தண்ணீர் தெளித்தபோது கூட்டமெல்லாம் கைகூப்பி அரற்றியது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கும்பிடல்லியா?"

"கேக்கிறதுக்கு ஒண்டும் இல்ல புள்ள. சும்மா பாத்துட்டுப் போக வந்தன்."

திரும்பும் வழியில் கச்சான் கடலைக் கடையில் நின்று, வீட்டில் இருந்த தன் பிள்ளைகளுக்கு ஒரு காகிதச் சரை வாங்கினாள். பிறகு நாங்கள் வீட்டுக்கு நடந்தோம்.