பதினோராவது தளத்துத் துண்டுகள்

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குள் மாலை ஆறரை மணிக்கு வாலாஜாபாத் பேருந்து நுழையும்போது, அது நிற்பதற்கு முன்பே அதில் இடம் பிடித்துவிடுகிற பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் பிரவீனா. ஊர் ஐயம்பேட்டை. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டி, விரித்ததை மடித்து வைக்கும் வேலை. கடை விட்டு வந்ததும் துப்பட்டாவை உருட்டிக் கையில் வைத்துக்கொள்வாள். நகர்ந்துகொண்டிருக்கும் பேருந்தோடு பதினைந்தடி ஓடுவாள். இடது பக்கம், பின்னாலிருந்து மூன்றாவது ஜன்னல். துப்பட்டா உள்ளே போய் மூன்று பேர் இருக்கையில் அப்படியே விரிந்து விழும். ஆறு வருடத்தில் குறி தவறியது இரண்டே முறை. இரண்டும் மழை நாள்.

ஒருநாள் யாரோ ஒருவர் அந்தத் துப்பட்டாவை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பிரவீனா ஏறி வந்தாள்.

"துணி கெடக்குதே, கண்ணு தெரியலையா?"

"துணிதான்மா கெடக்குது. ஆளு இல்லையே."

"ஆளு வருதுன்னு சொல்லிக்கினுதான் துணி கெடக்குது. எழுந்திருங்க சார்!"

எழுந்துவிட்டார். மறுநாள் அவளைப் பார்த்ததுமே இரண்டு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்தார். ஜன்னலில் துண்டு போட்டவருக்கு இடம் என்பது அவளுக்குச் சட்டம். அந்தச் சட்டத்தில் அவளுக்கு இணையாக வாதாட அந்த வழித்தடத்தில் ஆள் கிடையாது.

அப்படிப்பட்டவளுக்குக் கடல் கடந்து கிடைத்த வேலை, அடுத்தவர் போட்ட துண்டை எடுப்பது.

கப்பல் வேலைக்கு அவள் சென்னையில் படித்தது எட்டு மாதம். சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, மற்ற நாளெல்லாம் கடை. நேர்முகத் தேர்வில் ஒரு துண்டை மடிக்கச் சொன்னார்கள். பத்தாயிரம் புடவை மடித்த கை. தேர்வு செய்தவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் மடித்து முடித்துவிட்டாள். தெருவில் அவளுக்குப் பேனர் வைத்தார்கள். அவள் படம், பூங்கொத்து, பின்னால் ஒரு கப்பல். அந்தக் கப்பல் நூறு வருடத்துக்கு முன்னால் பனிப்பாறையில் மோதி மூழ்கிய கப்பல் என்பதைப் பேனரைக் கட்டி முடித்த பிறகுதான் அவளுடைய அண்ணன் சத்யராஜ் கண்டுபிடித்தான். "நாலு புகைபோக்கி இருந்துச்சு, பாக்க நல்லா இருந்துச்சுண்ணா" என்றான் பேனர் அடித்தவன்.

குளிர்காலம் முழுக்கக் கப்பல் கரீபியன் தீவுகளைச் சுற்றியது. பதினோராவது தளத்தில், நீச்சல் குளத்தைச் சுற்றிய சாய்வு நாற்காலிகள் பிரவீனாவின் பொறுப்பு. துண்டு கொடுக்க வேண்டும், ஈரத் துண்டை வாங்க வேண்டும், நாற்காலியை நேராக்க வேண்டும். பயணிகள் நாலாயிரம் பேர் இருந்தார்கள். ஆனால் விடிந்தால் ஒரு துறைமுகம், ஒன்பது மணிக்கெல்லாம் முக்கால்வாசிப் பேர் இறங்கிப் போய்விடுவார்கள். மாலைவரை கப்பல் காலி. நாற்காலியில் யாராவது துண்டு போட்டிருந்தாலும் அதைப்பற்றிக் கேட்க ஆளில்லை.

ஏப்ரலில் கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்து பார்சிலோனாவுக்குக் கிளம்பியது. பயணிகள் மூவாயிரத்து நூறு பேர்தான். பள்ளி விடுமுறை இல்லை, பிள்ளைகள் இல்லை. எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள், அறைக்கு இருவர். ஆள் குறைவு, கூட்டம் இருக்காது என்று பிரவீனா நினைத்தாள்.

இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. ஏழு நாள் தொடர்ந்து கடல். இறங்க ஒரு கரை இல்லை. மூவாயிரத்து நூறு பேரும் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் கப்பலிலேயே இருந்தார்கள். முன் தளத்தில் நின்றால் காற்று தொப்பியையும் கண்ணாடியையும் சேர்த்துப் பிடுங்கியது. ஆகையால் அங்கே யாரும் போகவில்லை. கண்ணாடிக் கூரை போட்ட பதினோராவது தளத்துக்கே எல்லாரும் வந்தார்கள். ஒவ்வொரு லிஃப்டிலும் ஆறு பேர் இறங்கினால் ஒன்பது பேர் ஏறக் காத்திருந்தார்கள். முட்டை வாங்க ஒரு வரிசை, காபிக்கு ஒரு வரிசை, இது எதற்கான வரிசை என்று கேட்டுக்கொண்டே இன்னொரு வரிசை. பொது அறிவுப் போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து நாற்காலியைப் பிடித்தவர்கள், போட்டி முடிந்தும் எழவில்லை. அடுத்து நடன வகுப்பு, அதற்கு இடம் வேண்டுமாம். பிரவீனாவுக்கு ஒருபக்கம் தலை சுற்றியது, ஒருபக்கம் சிரிப்பு வந்தது. வைகாசி கருட சேவைக் கூட்டத்தை அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களாகப் பொறுக்கி எடுத்து, குட்டைக் கால்சட்டை போட்டு, மிதக்க விட்டதுபோல் இருந்தது.

பதினோராவது தளத்தில் நாற்காலிகள் முந்நூற்று அறுபது. காலை ஆறு மணிக்கு அவள் வேலைக்கு வரும்போதே எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று கிடந்தது. துண்டு, துண்டின் மேல் புத்தகம், புத்தகத்தின் மேல் மூக்குக் கண்ணாடி. ஒரு நாற்காலியில் ஒற்றைச் செருப்பு. ஆளை மட்டும் காணோம்.

கப்பலின் விதி தெளிவானது. ஆளில்லாத துண்டைப் பார்த்தால் மணி எழுதிய மஞ்சள் சீட்டை ஒட்ட வேண்டும். நாற்பது நிமிடத்தில் ஆள் வராவிட்டால் பொருளை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு நாற்காலியை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். பிரவீனா சீட்டு ஒட்டினாள். அரை நிமிடம்கூடப் பிசகாமல் மணி எழுதினாள். ஆனால் நாற்பது நிமிடம் ஆனதும் கை நீளவில்லை. துண்டைப் பார்த்தால் ஆள் வருகிறது என்றுதான் அவள் மனதுக்குத் தோன்றியது. இடம் கேட்டு வந்த ஒரு பாட்டியம்மாளிடம், "இவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் அம்மா" என்று துண்டுக்காகப் பரிந்து பேசினாள். பாட்டியம்மாள் புகார் எழுதிக் கொடுத்தார். மறுநாள் கைத்தடி ஊன்றிய ஒருவர் ஒன்றரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு இரண்டாவது புகார் எழுதினார்.

மேற்பார்வையாளர் பிலிப்பைன்ஸ்காரர், சிரித்த முகம். சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்தப் பயணத்தில் மூன்றாவது புகார் வந்தால் பார்சிலோனாவில் உன்னை இறக்கி ஊருக்கு அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு, பிரவீனா. அப்புறம் கூப்பிட மாட்டார்கள்."

அன்று தன் அறைக்குப் போய்க் கீழ்க் கட்டிலில் உட்கார்ந்தாள். மேல் கட்டில் எஸ்தருடையது. ராணிப்பேட்டைக்காரி, சலவைப் பிரிவு.

"தூக்கிப் போட வேண்டியதுதானே? துண்டு உங்க அப்பா ஊட்டுதா?" என்றாள் எஸ்தர்.

"எப்படிக்கா தூக்கறது? எடம் புடிச்சிருக்காங்க இல்ல?"

"எடம் புடிச்சவங்க அங்க சீட்டாடிக்கினு இருக்காங்கடி. கீழ எங்க கதை தெரியுமா? இருக்கிற துண்டெல்லாம் மேல நாக்காலியில பட்டா போட்டுக்கினு கெடக்குது. துவைக்கத் துண்டே வரல. மெசினு சும்மா நிக்குது. உன்ன எறக்கி வுட்டாங்கன்னா நானே சூட்கேஸ் தூக்கிக்கினு வந்து டாட்டா காட்டுவேன் பாரு."

"வாய வெச்சிக்கினு சும்மா இரேன்க்கா."

நான்காம் நாள் பதினொன்றரை மணி இடைவேளையில் தன் கட்டிலில் உட்கார்ந்து அண்ணனுக்குப் பேசினாள். ஐயம்பேட்டையில் அப்போது மாலை ஏழு. சத்யராஜ் ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். சவாரிக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"எத்தினி பேருக்கு எத்தினி சேருன்னு சொன்ன?"

"மூவாயிரத்து நூறு பேருக்கு முந்நூத்தி அறுபது."

"அடப்பாவி! நம்ம பஸ்ஸே தேவலாம் போலக்குது. பாப்பா, ஒரு சேருக்கு ரெண்டு பேர ஒக்கார வையேன். என் வண்டியில நான் ஏத்தறனே."

"படுத்துக்கினு இருக்கிற சேருண்ணா அது."

"படுத்தா என்ன? தலைய அந்தப் பக்கம் ஒருத்தரு, இந்தப் பக்கம் ஒருத்தரு…"

"அண்ணா! அவங்க வெள்ளக்காரங்க!"

"வெள்ளக்காரங்களுக்குக் கால் மடங்காதா? இரு, லைன்லயே இரு." போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவன் சத்தம் போடுவது கேட்டது. "யாரு பைமா இது? சீட்டுமேல வெச்சிருக்கிறது?"

"எங்க வூட்டுக்காரர்து. டீ குடிக்கப் போயிருக்காரு. வந்துடுவாரு."

"வண்டி கெளம்பிடுச்சும்மா! கெளம்புன வண்டியில பைக்கு ஏதும்மா சீட்டு? மடியில எடுத்து வெச்சிக்க. நீங்க ஒக்காருங்கக்கா."

பிரவீனா எழுந்து நின்றுவிட்டாள். மேல் கட்டிலில் தலை இடித்தது, அதைக்கூடத் தேய்க்கவில்லை.

அவளுக்குத் தெரியாத சட்டமா அது? ஜன்னலில் போட்ட துண்டுக்கு மரியாதை எதுவரைக்கும்? கண்டக்டர் விசில் கொடுக்கும்வரைக்கும். வண்டி நகர்ந்து, ஆளும் வரவில்லையென்றால் துண்டை ஜன்னல் வழியாக நீட்டிவிடுவார்கள். அவளே எத்தனை துண்டை நீட்டியிருக்கிறாள்! இந்தக் கப்பல் கிளம்பி நாலு நாள் ஆகிறது. நாலு நாளாக ஓடுகிற வண்டியில் ஆளில்லாத துண்டுக்கு என்ன உட்காரும் உரிமை?

"அண்ணா, வெச்சிடறேன். வேலை இருக்குது!"

"ஏய், என்ன ஆச்சு பாப்பா? ஏய்!"

பதினோராவது தளத்துக்குப் படியில் ஓடினாள். லிஃப்டுக்கு நின்றால் பொழுது போய்விடும். கையில் சிறு நோட்டு, காலையில் ஒட்டிய சீட்டுகளின் நாற்காலி எண்ணும் மணியும் அதில் வரிசையாக இருந்தன. முதல் வரிசையில் தொடங்கினாள். ஒன்பது பத்து என்று சீட்டு. இப்போது பதினொன்று ஐம்பது. எடுத்தாள், உதறினாள், நான்காக மடித்தாள், தள்ளுவண்டியில் வைத்தாள். புத்தகங்களில் எந்தப் பக்கம் விரித்திருந்ததோ அந்தப் பக்கத்தில் அடையாளத் தாள் வைத்தாள். ஒற்றைச் செருப்பைத் தனியாக ஒரு பையில் போட்டு எண் எழுதினாள். நோட்டில் கோடு. அடுத்தது. புடவைக் கடையில் ஆடித் தள்ளுபடி நாளில் வேலை செய்ததுபோல் கை பறந்தது. ஓரமாக நின்றுகொண்டிருந்தவர்கள் முதலில் நம்பாமல் பார்த்தார்கள். கைத்தடிக்காரர்தான் முதலில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கைத்தடியைத் தூக்கி ஆட்டினார். அவ்வளவுதான், மற்றவர்களும் நகர ஆரம்பித்தார்கள். யாரோ கைதட்டினார்கள், நீச்சல் குளத்தில் இருந்தவர்கள் தண்ணீரைத் தட்டினார்கள். "உள்ள போங்க, உள்ள போங்க!" என்று பிரவீனா தமிழிலேயே சொல்லிவிட்டாள். அத்தனை பேரும் உள்ளே போனார்கள். ஒரு மணிக்கு நோட்டைக் கூட்டிப் பார்த்தாள். நூற்று எண்பத்து மூன்று நாற்காலிகள்.

ஒன்றேகாலுக்குக் கட்டம்போட்ட தொப்பிக்காரர் வந்தார். நூற்றுப் பன்னிரண்டிலிருந்து நூற்றுப் பத்தொன்பதுவரை எட்டு நாற்காலிகள் அவருடையவை: வெயிலுக்கு இரண்டு, நிழலுக்கு இரண்டு, இசைக்குழு பக்கத்தில் இரண்டு, யாராவது நண்பர்கள் கிடைத்தால் இரண்டு. அவரும் அவர் மனைவியும் மொத்தம் இரண்டே பேர்.

"என் துண்டுகள் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

"எட்டும் பத்திரமாக இருக்கின்றன ஐயா. ஆறு ஐந்துக்குச் சீட்டு ஒட்டினேன். ஆறே முக்கால் மணி நேரம் காத்திருந்து எடுத்தேன்."

"உன்மேல் புகார் கொடுக்கிறேன்!"

கொடுத்தும் விட்டார். மாலையில் மேற்பார்வையாளர் சிரிக்காமல் வந்தார். நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். "நீ செய்தது விதிப்படி சரி. ஆனால் புகார் என்றால் புகார். அவரும் அவர் மனைவியும் நாளை காலை கையெழுத்துப் போட்டால் மேலிடத்துக்குப் போய்விடும். என் கையில் இல்லை."

அன்று பிரவீனா சாப்பிடவில்லை. எஸ்தர் டாட்டா காட்டும் பேச்சை எடுக்கவே இல்லை. ஒரு ஆப்பிளை மட்டும் தலையணைப் பக்கம் வைத்துவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் ஒன்பதே முக்காலுக்கு பிரவீனா மேற்பார்வையாளரின் மேசைக்கு முன்னால் நின்றாள். தொப்பிக்காரரின் மனைவி தனியாக வந்தார். வெள்ளை முடி கலைந்திருந்தது. முகத்தில் தலையணை மடிப்பின் கோடு இன்னும் போகவில்லை.

"எந்தப் பெண் துண்டை எடுத்தது?" என்றார்.

"நான்தான் அம்மா" என்றாள் பிரவீனா.

அந்த அம்மாள் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இந்த மூன்று நாளாக ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, இரவு உடையோடு லிஃப்ட் ஏறி, எட்டுத் துண்டு விரித்தது யார் என்று நினைக்கிறாய்? அவரா? அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்! 'எப்படியும் எடுத்துவிடுவார்கள், இனிமேல் எதற்கு?' என்று நேற்று இரவு சொல்லிவிட்டேன். ஒன்பது மணிவரை தூங்கினேன் பெண்ணே. ஒன்பது மணிவரை!"

மேற்பார்வையாளர் புகார்த் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். அந்த அம்மாள் பேனாவை வாங்கினார். கையெழுத்துக்கான இடத்தில் போடாமல் தாளின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு கோடு இழுத்தார். கோடு கோணல், ஆனால் தாளை விட்டு மேசைவரை போனது.

"இரண்டு புகாரோடு நிற்கிறது" என்றார் மேற்பார்வையாளர். பல் தெரிந்தது. "பார்சிலோனாவில் இறங்குகிற வேலை உனக்கு இல்லை. மேலே போ. அரை மணி நேரமாக யாரும் சீட்டுப் பார்க்கவில்லை."

பிரவீனாவும் அந்த அம்மாளும் சேர்ந்தே பதினோராவது தளத்துக்குப் படியேறினார்கள். அங்கே ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. நூற்றுப் பதினான்கில் மட்டும் ஆளில்லாமல் ஒரு துண்டு கிடந்தது. ஓரமெல்லாம் கோணலாக, விரிக்கத் தெரியாத கை விரித்தது. மேலே கட்டம்போட்ட தொப்பி. கீழே போகுமுன் அவள் ஒட்டிய மஞ்சள் சீட்டில் ஒன்பது பதின்மூன்று.

"அவர் எங்கே அம்மா?"

"முட்டை வரிசையில் நிற்கிறார். நீளமான வரிசை" என்றார் அந்த அம்மாள். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "மணி என்ன?"

பிரவீனா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தடிக்க இரண்டு நிமிடம். சீட்டு ஒட்டி நாற்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. துண்டை எடுத்து உதறி, நான்காக மடித்து, தொப்பியை அதன் மேல் வைத்து, நோட்டில் ஒரு கோடு போட்டாள்.

"உட்காருங்கம்மா" என்றாள்.